ஏழாயிரத்து எண்ணூறு சுற்று

மோட்டார் காயில் கட்டும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் கரண்ட் சோதிக்கும் ஒரு மஞ்சள் மீட்டர் வைத்திருப்பார். அதன் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே கோலம்தான். யாராவது அவரிடம் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர், "இருங்க, மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு" என்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். கேலிக்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. அவர் கட்டிய காயிலைக் குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முப்பத்தோரு வருஷமாக ஒரே வேலை. எரிந்துபோன மோட்டார் வரும். உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். அதே கணக்கில் புதுக் கம்பியைச் சுற்ற வேண்டும். சுற்றியதை வார்னிஷ் தொட்டியில் முக்கி, ஓவனில் ஓர் இரவு வைத்து இறுகவிட வேண்டும். ஓவன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ வேண்டாமென்று போட்ட இரும்பு பீரோவுக்குள் முதலாளி ஹீட்டர் பொருத்தியதுதான். எண்ணுவதில் நம் ஆள் புலி. பேச்சுக்கு நடுவிலும் கை சுற்றிக்கொண்டிருக்கும், கணக்கு தப்பாது. அவர் கட்டிய காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்று முதலாளியே சொல்லுவார். முதலாளிகள் அப்படிச் சொல்வது அபூர்வம்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஃபேன் எப்படி ஓடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆறு வருஷமாக அது முனகிக்கொண்டே சுற்றியது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா வந்த பேச்சா? மிக்சி அதட்டினால்தான் ஓடும். எது பழுதானாலும் வீட்டில் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நாளைக்குப் பாக்குறேன்."

அந்த நாளையை நம்பிப் பரண் மேல் இருபத்து நாலு வருஷம் காத்திருந்தது ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்.

அது அவர் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மேடைக் குழுவில் கிட்டார் வாசித்தாள். எட்டு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். ஒவ்வொரு கச்சேரியும் அவள் வாசிப்பில்தான் தொடங்கும். வேறு வாத்தியம் எதுவும் சேராமல் அரை நிமிஷம் அவள் மட்டும். அது எந்தப் பாட்டிலிருந்தும் எடுத்ததில்லை, அவளே கட்டிய மெட்டு. குழுவில் அதற்குத் 'தொடக்கம்' என்று பெயர். ஒரு கச்சேரி நாளில் ஜெனரேட்டர் புகைந்து, அதைச் சரிபண்ண வந்த இளைஞன்தான் மீட்டர். வேலை முடித்து மேடைக்குப் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அந்தத் தொடக்கத்தைக் கேட்டார். துடைத்த துணியை எங்கே போட்டோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அடுத்த நாலு கச்சேரிக்கும் யாரும் கூப்பிடாமலே போய் ஜெனரேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கல்யாணம்.

மகள் வயிற்றில் இருந்தபோது கிட்டார் ஊமையானது. கம்பியைத் தட்டினால் மெலிசாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. கம்பிகளுக்குக் கீழே, தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த நீளத்தில், கறுப்பாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குப் பிக்கப் என்று பெயர். உள்ளே காந்தமும் காயிலும் இருக்கும். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அதற்குள் முடியைவிட மெலிசான கம்பி எங்கேயோ அறுந்திருந்தது. "காயில் தானே? நாளைக்குப் பாக்குறேன்" என்றார் மீட்டர். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டாள். நாளை மட்டும் வரவில்லை.

வரவைத்தது ஒரு வியாதி. அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் விறைத்துக்கொண்டு மடங்க மாட்டேன் என்றன. பத்து மணிக்கு மேல்தான் இறங்கி வந்தன. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுவாதம் என்றார். "மாத்திரை இதை மெதுவாக்கும்மா. போனதைத் திருப்பிக் குடுக்காது. உங்களுக்கு இது கொஞ்சம் வேகமா போகுது."

அன்று வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து கிட்டாரை இறக்கி, தூசி தட்டி, சாப்பாட்டு மேஜை மேல் கிடத்தினாள். மங்கிய சிவப்பு நிறம். ஒரு கொம்பு நீண்டு, மறு கொம்பு குட்டையாக இருக்கும். பட்டறையிலிருந்து வந்த மீட்டர் டிபன் டப்பாவை வைக்க இடமில்லாமல் நின்றார்.

"இத இப்பப் பண்ணிக் குடுங்க" என்றாள்.

"பண்ணலாம். என்ன திடீர்னு?"

அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிறகு இடது கையை அவர் முன்னால் நீட்டி மடக்கிக் காட்டினாள். "இன்னைக்கு மடங்குது பாருங்க. எத்தனை நாளைக்குன்னு தெரியாது. நம்ம பொண்ணு நான் வாசிச்சுக் கேட்டதே இல்ல. அந்தத் தொடக்கத்த ஒரே ஒரு தடவை ஸ்பீக்கர்ல வாசிச்சு, போன்ல பிடிச்சு அவளுக்கு அனுப்பணும். கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன புண்ணியம்? நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையிலேயே பிக்கப்பைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

அந்த வாரம் அவர் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள். பழைய கம்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உருவி எண்ணினார். ஏழாயிரத்து எண்ணூறு சுற்று. பம்பு மோட்டாரில் நூறு சுற்றுக்கே கை வலிக்கும். அதே அளவு கம்பியைத் தேடி வாங்கி வந்தார். மூச்சு விட்டால் பறக்கிற கம்பி. மேலே ஓடிய ஃபேனை அணைக்கச் சொல்லிவிட்டார். பட்டறையே வேர்வையில் நனைந்தது. நாலாயிரத்தில் ஒரு தடவை அறுந்தது, ஆறாயிரத்தில் ஒரு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு ஏழாயிரத்து எண்ணூறாவது சுற்று முடிந்தது. மீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்தார். முள் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. காயிலுக்கு உயிர் வந்துவிட்டது.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அதைத்தான் அவர் செய்யவில்லை.

அன்று மூன்று பம்பு மோட்டார்கள் வார்னிஷுக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றாக முக்கினார், வடியவிட்டார், ஓவனுக்குள் அடுக்கினார். அடுத்து கை பெஞ்சுக்குப் போனது. சுற்றி முடித்த காயில் ஒன்று அங்கே இருந்தது. சுற்றி முடித்த காயில் எங்கே போக வேண்டும்? முப்பத்தோரு வருஷமாக எங்கே போனதோ அங்கேதான். இதை மறதி என்று சொன்னால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். எந்தக் காயில் என்று தெரிந்துதான் செய்தார். அதற்கென்று வார்னிஷைத் துணியில் வடிகட்டி, தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பூப்போல முக்கி எடுத்தார். பெண்டாட்டியின் பொருள் இல்லையா? அரைகுறையாகக் கொடுக்க மனசு வருமா? கம்பி சுற்றியிருந்த அந்தச் சின்னச் சட்டம் பிளாஸ்டிக் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. மோட்டாருக்குள் ஏது பிளாஸ்டிக்? ஓவன் கதவைச் சாத்திவிட்டு, திங்கட்கிழமை அவளை அசத்த வேண்டும் என்று சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் ஓவனைத் திறந்ததும் வேறு ஒரு வாடை வந்தது. மோட்டார் மூன்றும் பளபளவென்று இருந்தன. பிக்கப் வெயிலில் காய்ந்த செருப்பு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. உருகிய பிளாஸ்டிக்குக்குள் கம்பி புதைந்து, காந்தம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. வயரை மாற்றி வைத்துப் பார்த்தார். எத்தனை தடவை வைத்தாலும் செத்தது செத்ததுதானே.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்ல முதலாளி. கால் மரத்துப்போச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரிதான். யாரிடம் சொல்லி அழுவது? கட்டிய காயில் திரும்பி வந்ததில்லை என்ற பேரெல்லாம் அந்தக் கருகிய துண்டுக்கு முன்னால் என்ன ஆகும்? மற்றவன் செய்திருந்தால் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பார். தன்னைத் திட்டிக்கொள்ள அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டில் பொய் சொன்னார். "அது பழசும்மா. சட்டமே உளுத்துப்போயிருந்துச்சு. தொட்டதும் போயிடுச்சு. வேற ஒண்ணுதான் தேடணும்."

"அப்படியா?" என்றாள் அவள். "சரி, தேடுங்க. நீங்க தேடினா கிடைக்கும்." அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. இசைக்கருவிக் கடைக்காரர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கம்பெனிய மூடி நாப்பது வருஷம் ஆச்சுங்க. இவங்க பிக்கப்போட அளவு வேற யாரோடதும் இல்ல. புதுசு போடணும்னா மரத்தச் செதுக்கி ஓட்டையப் பெருசாக்கணும். பரவாயில்லையா?"

வந்து மனைவியிடம் கேட்டார். அவள் கிட்டாரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "மரத்துல உளி வைக்கிறதா இருந்தா எனக்கு வேண்டவே வேண்டாம். வேற பிக்கப்னா வேற சத்தம். வேற யாரோ வாசிச்ச மாதிரி இருக்கும்."

அவரே ஒரு சட்டம் செய்து பார்த்தார். மோட்டாருக்குள் வைக்கும் ஃபைபர் தாளை வெட்டி, ஒட்டி, மறுபடியும் ஏழாயிரத்து எண்ணூறு சுற்றினார். மூன்று வாரம் ஆனது. இரவல் ஸ்பீக்கரில் போட்டதும் அது கீச்சென்று அலறியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டு அழுதது. கழற்றிப் போட்டார். மகளிடம் போனில் சொன்னார். அவள் இணையத்தில் துழாவி, கடல் தாண்டி ஒருவரிடம் அதே கம்பெனிப் பிக்கப் இருப்பதாகக் கண்டுபிடித்து வரவழைத்தாள். இரண்டு மாசம் கழித்துப் பெட்டி வந்தது. அதே கம்பெனிதான், அதே கறுப்புதான். ஆனால் ஆறு கம்பிக்குப் பதில் நாலு கம்பி உள்ள பேஸ் கிட்டாருக்கானது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"சாரிப்பா, போட்டோல சரியாத் தெரியல" என்றாள் மகள்.

"நீ என்னம்மா பண்ணுவ" என்றார். அவளுக்காவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

இதற்கிடையில் மனைவி தினமும் சாயங்காலம் கிட்டாரை எடுத்து, ஸ்பீக்கர் இல்லாமலே பழகிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்கூடச் சரியாகக் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள். "கை மறக்கலங்க" என்பாள். முகம் அந்த மேடைக்காரியின் முகமாக ஆகிவிடும். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆனால் மற்ற நேரங்களில் அவர் பார்த்தது வேறு. முதல் மாசம் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க அவரிடம் நீட்டினாள். இரண்டாவது மாசம் ஜாக்கெட் கொக்கியை அவர்தான் மாட்டிவிட்டார். மூன்றாவது மாசம் மோதிரம் கழறாமல் விரல் வீங்கி, நகைக்கடையில் அதை வெட்டி எடுத்தார்கள். நாலாவது மாசம் பள்ளிக்கூடத்தில் அவளை டைப் வேலையிலிருந்து மாற்றி, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் உட்காரவைத்தார்கள். நாள் போய்க்கொண்டிருந்தது. அவர் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. பட்டறையில் ஓவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாவது மாசக் கடைசியில் முடிவெட்டிக்கொள்ளப் போனார். வழக்கமான கடை மூடியிருந்ததால் அடுத்த தெருவில் வேறு ஒரு சலூன். முகத்தில் நுரை பூசி, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார் சலூன்காரர். எதிரே கண்ணாடியில், பின்சுவரில் மாட்டியிருந்த ஒரு கிட்டார் தெரிந்தது. கொம்பு, கட்டை, கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தங்கக் கலர் அடித்திருந்தது. ஒரு கொம்பு நீளம், மறு கொம்பு குட்டை. நடுவில் தீப்பெட்டி இரண்டைச் சேர்த்த நீளத்தில் ஒரு பெட்டி. மீட்டர் பாதி நுரையோடு எழுந்து சுவரிடம் ஓடினார்.

"ஐயோ, என்னங்க! கத்தி கையில இருக்கு" என்று கத்தினார் சலூன்காரர்.

"இது, இது எங்க வாங்கினீங்க?"

"பழைய சாமான் கடையில. அது வாசிக்கிறதுக்கு இல்லங்க, அலங்காரத்துக்கு. எல்லாரும் அது பக்கத்துல நின்னுதான் போட்டோ எடுக்கிறாங்க."

"எனக்கு அதுல ஒரு சாமான் மட்டும் வேணும்."

"கழட்டினா பொக்கை வாய் மாதிரி ஆயிடும். முடியாதுங்க. உக்காருங்க, பாதி முகத்தோட நிக்கிறீங்க."

அவர் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். மூன்று வாரத்தில் நாலு தடவை முடிவெட்டிக்கொண்டார். தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை என்று பட்டறையில் சிரித்தார்கள். கடைசியில் சலூன்காரருக்கே பாவமாகிவிட்டது. "என்னதாங்க அப்படி அவசரம்?" என்று கேட்டார். மீட்டர் மனைவியின் விரலைப் பற்றிச் சொன்னார். ஓவனைப் பற்றிச் சொல்லவில்லை.

சலூன்காரர் சீப்பைத் துடைத்து வைத்தார். "எடுத்துக்கோங்க. ஆனா வெளிய பாத்தா வித்தியாசம் தெரியக்கூடாது. அப்புறம் கடையில நாலு ஃபேன் இருக்கு, முடி காய வைக்கிற மெஷின் ரெண்டு இருக்கு. எல்லாம் மூச்சு வாங்குது. அதப் பாத்துக் குடுத்துடுங்க."

வீட்டு ஃபேனுக்கு ஆறு வருஷம் நாளை சொன்னவர் சலூன் ஃபேன்களை மூன்றே நாளில் முடித்தார். தங்கக் கலர் கிட்டாரிலிருந்து பிக்கப்பை நகம் படாமல் கழற்றினார். அந்த இடத்தில், ஓவனில் சுட்ட பழைய பிக்கப்பை நிமிர்த்தி, அமுக்கித் திணித்து, மேலே தங்கப் பெயின்ட் பூசினார். சலூன்காரர் தள்ளி நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மீட்டர் தெருவில் நின்றுகொண்டே பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பிக்கப்பில் வைத்துப் பார்த்தார். முள் எழுந்தது. வார்னிஷ் டப்பா இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று பட்டறைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், இசைக்கடைக்காரரிடம் மறுபடியும் இரவல் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. புதுக் கம்பிகள் மாட்டியாகிவிட்டது. மீட்டர் கடைசி இரண்டு வயரைப் பற்றவைத்து, திருகை முடுக்கி, கிட்டாரை அவளிடம் கொடுத்தார். தோள் வாரை அவரே மாட்டிவிட்டார். "இருங்க, இருங்க" என்று அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மகள் காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். அவர் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

அவள் வெறுமனே ஒரு கம்பியைத் தட்டினாள்.

அதே சத்தம். மேடைக்குப் பின்னால் நின்று அவர் கேட்ட அதே சத்தம் அறை முழுக்க நிறைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்படியே இருக்குங்க! அப்படியே!"

தொடக்கத்தை ஆரம்பித்தாள். முதல் மூன்று சுரம் கணீரென்று வந்தன. நாலாவதற்குச் சுண்டுவிரல் எட்டிப்போய்க் கம்பியை அழுத்த வேண்டும். விரல் போனது, அழுத்தவில்லை. ஸ்பீக்கரில் சொத்தென்று ஒரு சத்தம் வந்தது. அவள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் சொத். மோதிர விரல் ஒன்றைத் தொடப்போய் இரண்டைத் தொட்டது. கம்பி கரகரவென்று இழுத்தது. மூன்றாவது தடவை ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு விரலாகக் கண்ணால் பார்த்து வைத்து வாசித்தாள். அப்போதும் பாதிக்கு மேல் சுரமே வரவில்லை. ஸ்பீக்கருக்குத் தாட்சண்யம் தெரியாது. விட்ட ஒவ்வொன்றையும் பெரிதாக்கிச் சொன்னது. இத்தனை மாசமும் ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தபோது விரல் விட்டதையெல்லாம் அவள் மனசு போட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அது அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

"போனை நிறுத்துங்க" என்றாள். அவர் நிறுத்தினார்.

அவள் கிட்டாரில் இருந்த குமிழைத் திருகிச் சத்தத்தை முழுக்க அடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் நன்றாக இருந்தது. வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல" என்றாள். "அஞ்சு மாசம் எனக்காகத் தெருத் தெருவா அலைஞ்சிருக்கீங்க. வேற யாரு பண்ணுவா?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இதை அவரால் வாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முதல் வாரமே முடிஞ்சிருச்சும்மா."

"எது?"

"காயில். நான் சுத்தி முடிச்சிட்டேன். மீட்டர்ல நல்லாக் காட்டிச்சு. அப்புறம் நான்தான் அத வார்னிஷ்ல முக்கி ஓவன்ல வச்சுட்டேன். உருகிப்போச்சு. உளுத்துப்போச்சுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"ஓவன்லயா?"

"ம்."

"பம்பு மோட்டாரோட சேத்தா? என் கிட்டாரையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கடவுளே, இந்த மனுஷன…" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிட்டார் வயிற்றில் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிக்கிறாளே, இத்தோடு போயிற்று என்று நினைத்து அந்த மடையரும் லேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"முதல் வாரம்னா எப்போ? நான் பரண்லருந்து இறக்கிக் குடுத்தேனே, அந்த வாரமா?"

"ஆமா. அந்தச் சனிக்கிழமை."

அவள் இடது கையைத் தூக்கி மடக்கிப் பார்த்தாள். கட்டை விரலும் அடுத்த இரண்டும் மடங்கின. மற்ற இரண்டும் பாதியில் நின்றுவிட்டன.

"அப்போ எனக்கு விரல் இருந்துச்சுங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. மேஜை மேல் போன் அடித்தது. மகள்தான். இருவரும் எடுக்கவில்லை. அடித்து அடித்து அதுவாகவே நின்றது.

அவள் எழுந்து நின்று தோள்வாரின் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். விரல் வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"இதக் கழட்டி விடுங்க. எனக்கு வரல."